ரசத்தை எதுல தாளிச்சீங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மும்பை செம்பூர்ல இருந்து எழுதுறேன். போன ஞாயித்துக்கிழமை வாசகர் கடிதத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு, பால் தயிர் நெய் எதையும் தொடாம வீகனா இருக்கிறதெல்லாம் பெரிய ஊர்ல பெரிய சம்பளம் வாங்குறவங்களால மட்டும்தான் முடியும், சாதாரண குடும்பத்துக்கு ஒத்து வராதுன்னு. அவரு மேல எனக்குக் கோபம் இல்ல, நிறைய பேரு அப்படித்தான் நினைக்கிறாங்க. ஆனா நான் 2014ல இருந்து இப்படித்தான் சாப்பிடுறேன், வீட்டுக்காரருக்கு மத்திய அரசு வேலைங்கிறதால மூணு வருஷம் டெல்லியில இருந்தோம், மக பெங்களூர்ல இருக்கா, வருஷத்துல ரெண்டு மாசம் அங்க போயிடுவேன், சொந்த ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். நாலு ஊர்லயும் சாப்பிட்டுப் பாத்தவ சொல்றேன், எந்த ஊரு சுலபம் எந்த ஊரு கஷ்டம்ங்கிறதுக்கும் பணத்துக்கும் அவரு நினைக்கிற அளவுக்கு சம்பந்தம் இல்ல. அந்த ஊரு சாதாரண சமையல்ல எந்த எண்ணெய் ஊத்துறாங்க, கேட்டா உண்மையைச் சொல்றாங்களா, இந்த ரெண்டுதான் விஷயம்.

தெரியாதவங்களுக்காக ஒரு வரி சொல்லிடுறேன். வீகன்னா கறி மீன் முட்டை மட்டும் இல்ல, பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், தேன் எதுவும் கிடையாது. இங்கிலாந்துல 1944ல டொனால்ட் வாட்சன்னு ஒருத்தரும் அவரோட சேந்தவங்களும் இந்தப் பேரை வெச்சாங்க, தமிழ்ல இப்ப நனிசைவம்னு எழுதுறாங்க, நல்ல வார்த்தைதான், ஆனா ஹோட்டல்ல போய் நனிசைவம்னா யாருக்கும் புரியாது, நெய் வேண்டாம்னுதான் சொல்லணும்.

நான் ஏன் விட்டேன்னு நிறைய பேரு கேப்பாங்க. எங்க ஆச்சி வீட்ல ரெண்டு மாடு இருந்துச்சு. ஒரு தடவை கன்னுக்குட்டி செத்துப் போச்சு, அதோட தோலை உரிச்சு உள்ள வைக்கோலைத் திணிச்சு தாய் மாட்டு முன்னாடி நிறுத்தினாங்க, அது அந்த வைக்கோல் கன்னை நக்கிக்கிட்டே பால் சுரந்துச்சு. எனக்கு அப்ப எட்டு வயசு, பக்கத்துல நின்னு பாத்தேன், பெரியவங்க யாருக்கும் அது ஒரு விஷயமாவே தெரியல, ஆச்சி நல்லவங்கதான், மாட்டைத் தன் பிள்ளை மாதிரி பாத்துக்குவாங்க. அப்புறம் கல்யாணமாகி மும்பை வந்து, ஜோகேஸ்வரி பக்கம் உறவுக்காரங்க வீட்டுக்குப் போற வழியில எருமைத் தபேலா, அதாவது எருமைக் கொட்டகை ஒண்ணு இருக்கும், அதைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் காட்சி ஞாபகம் வரும், ஆண் கன்னெல்லாம் எங்க போகுதுன்னு ஒரு நாள் அங்க வேலை பாக்கிற பையன்கிட்ட கேட்டேன், அவன் பதில் சொல்லல, வேற பக்கம் திரும்பிக்கிட்டான். அன்னைக்கு ராத்திரி காப்பி குடிக்க முடியல. அவ்வளவுதான், அதுக்கு மேல காரணம் சொல்லத் தெரியல எனக்கு.

இப்ப ஊரு விஷயத்துக்கு வர்றேன்.

எல்லாரும் டெல்லிதான் சைவத்துக்கு சொர்க்கம்னு சொல்லுவாங்க, உண்மைதான், சைவ ஹோட்டலுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா என் அனுபவத்துல பாலை விட்டவங்களுக்கு ரொம்பக் கஷ்டமான ஊரும் அதுதான். அங்க சைவம்னாலே பாதி பால்தான். கறி இருக்க வேண்டிய இடத்துல பன்னீர் வந்து உக்காந்துக்குது, தால் மக்கனின்னா வெண்ணெயும் க்ரீமும், நான் ரொட்டி மாவுலயும் பட்டூரா மாவுலயும் தயிரு, பரோட்டா மேல வெண்ணெய்க் கட்டி, எதுவும் இல்லாத சுக்கா ரொட்டி கேட்டா கூட எடுத்துக் குடுக்கும்போது பழக்கத்துல ஒரு தடவு தடவிடுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், குளிர் ஊரு, நெய் ஊத்துறது அவங்களுக்கு மரியாதை, வேண்டாம்னு சொன்னா விருந்தாளி கோவிச்சுக்கிட்டாங்களோன்னு நினைப்பாங்க. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மா ஒரு வருஷம் முழுக்க எனக்கு ஏதோ வியாதின்னே நினைச்சுக்கிட்டிருந்தாங்க. விவரம் புரிஞ்சதும் என்ன பண்ணாங்க தெரியுமா, குளிர்காலத்துல கடுகு எண்ணெயில சாக்னு சொல்ற கீரையை வதக்கி, மக்காச்சோள ரொட்டி தட்டி, வெண்ணெய் இல்லாம தனியா எடுத்து வெச்சு எங்க வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. அந்த மாதிரி ருசி நான் எங்கயும் சாப்பிட்டதில்ல.

வெளியில சாப்பிடணும்னா டெல்லியில எனக்குக் கை குடுத்தது தெருவண்டிகதான். சக்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு எலுமிச்சை பிழிஞ்சு தர்ற ஷகர்கந்தி, பாசிப்பருப்பு வடை மேல முள்ளங்கியைச் சீவிப் போடுற ராம் லட்டு, கோல்கப்பா, ராஜ்மா சாவல்ல நெய் ஊத்தாத ஒண்ணு, இதெல்லாம் நானா தேடிக் கண்டுபிடிச்சது. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழியில ராம் லட்டு வாங்காம வந்ததே இல்ல.

பெங்களூரு வேற மாதிரி. மக இருக்கிறது வைட்ஃபீல்டு பக்கம், அங்க போன்ல ஆர்டர் போட்டா கால் மணி நேரத்துல டோஃபு, சோயாப் பால், பாதாம் பால், ஓட்ஸ் பால் எல்லாம் வாசலுக்கு வருது, காப்பிக் கடையில ஓட்ஸ் பால் போட்டுத் தர்றாங்க, அதுக்குத் தனியா காசு. ஓட்ஸ் பால் லிட்டர் 200, 300 ரூபா ஆகுது, அந்த வாசகர் சொன்னது இந்த மாதிரி வாழ்க்கையைப் பத்தின்னா அவரு சொன்னது சரிதான், பென்ஷன்காரங்களுக்குக் கட்டுப்படியாகாது. மகளுக்கு அதுல வருத்தம், அம்மா உனக்காகத்தானே வாங்கி வெக்கிறேன்னு கேப்பா. ஆனா எனக்குப் பெங்களூரு சுலபமா தெரிஞ்சது வைட்ஃபீல்டுல இல்ல, அல்சூர்ல. ஒண்ணுவிட்ட அக்கா ஒருத்தங்க அங்க தமிழ்ச் சங்கம் பக்கத்துல இருக்காங்க, அவங்க வீட்டுக்குப் போனா ராகிக் களி உருண்டையான முத்தையும் கீரை போட்ட சொப்பு சாறும், அரிசி மாவுல தட்டுற அக்கி ரொட்டியும் தேங்காச் சட்னியும், மார்கழி தை மாசம்னா அவரைக்கொட்டையைப் பிதுக்கிப் போட்டு ஒரு குழம்பு, இதுல எதுலயும் பால் பக்கமே போகல, யாரும் வீகன்னு பேரு வெச்சு சமைக்கவும் இல்ல, அவங்க தலைமுறை தலைமுறையா சாப்பிடுறதே அதுதான்.

பெங்களூர்ல தர்ஷினின்னு சொல்ற சின்ன டிபன் கடையில மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். இட்லி வடை நல்லதுதான், ஆனா காரா பாத், கேசரி பாத், பிசி பேளே பாத் எல்லாத்துலயும் நெய் இருக்கும், தோசைக்கல்லுல வெண்ணெய் போடுற கடைகள்ல சாதா தோசை கேட்டாலும் அதே கல்லுதான். இப்ப சில வருஷமா நெய் பொடி இட்லின்னு ஒண்ணு எங்க பாத்தாலும் இருக்கு, இட்லியைக் கூட விட்டு வெக்கலியேன்னு எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருந்துச்சு. பேக்கரியில எக்லெஸ்னு போட்டிருந்தா வீகன்னு நினைச்சு வாங்கிடாதீங்க, முட்டைதான் இல்ல, பாலும் வெண்ணெயும் இருக்கும்.

எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல கத்துக்க வேண்டியது நாலு வார்த்தை. பெங்களூர்ல துப்பா பேடா, பெண்ணெ பேடா, மொசரு பேடா, அதாவது நெய் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், தயிர் வேண்டாம். மும்பையில அதையே தூப் நகோ, லோணி நகோ, தஹி நகோன்னு சொல்லணும். தூத்னா பால், தூப்னா நெய், நான் முதல் வருஷம் இதைக் குழப்பிக்கிட்டு பால் வேண்டாம் பால் வேண்டாம்னு சொல்லி நெய் ஊத்தின சாப்பாட்டையே வாங்கிட்டு வந்திருக்கேன். டெல்லியில கீ மக்கன் குச் நஹி, நெய் வெண்ணெய் எதுவும் வேண்டாம்னு சொல்லணும், சொல்லிட்டு அவங்க அடுப்புகிட்டயே நிக்கவும் நிக்கணும்.

மும்பை எனக்குச் சொந்த ஊரு மாதிரி, அதனால பாரபட்சம் இருக்கலாம், ஆனாலும் சொல்றேன், இந்த மூணு ஊர்ல கையில காசு கம்மியா வெச்சுக்கிட்டு வெளியில சாப்பிடுற வீகனுக்கு மும்பைதான் சுலபம். வடா பாவ் இருக்கு, உருளைக்கிழங்கு, கடலை மாவு, காஞ்ச பூண்டுச் சட்னி, பாவ்ல வெண்ணெய் தடவ வேண்டாம்னு மட்டும் சொன்னா போதும். முளைகட்டின பயறு போட்ட மிசல், தயிர் மேல போடாம. பேல் பூரி, சேவ் பூரி. ஜுன்கா பாக்கர்னு கடலை மாவுக் கூட்டும் ரொட்டியும், தாலிபீட்னு பல தானிய அடை, காந்தா போஹான்னு வெங்காயம் போட்ட அவல். கொங்கணிக்காரங்க கடையில கோகம்ங்கிற புளிப்புப் பழமும் தேங்காப்பாலும் கலந்த சோல் கடி, வெயில் காலத்துல மோருக்குப் பதிலா எனக்கு அதுதான். பாவ் பாஜி மட்டும் பக்கமே போகாதீங்க, அதுல வெண்ணெய் இல்லன்னா அவங்களுக்கே அது பாவ் பாஜி இல்ல, குஜராத்திக் கடையில டோக்லாவையும் கேட்டுத்தான் வாங்கணும், மாவை மோர்ல கரைக்கிறவங்க நிறைய.

ஆனா ஐயா, இந்தக் கடிதம் எழுத உக்காந்ததுக்குக் காரணமே இனிமேதான் வருது. மும்பையில எனக்குக் கஷ்டமா இருக்கிற இடம் மராத்திக்காரங்க கடையோ குஜராத்திக்காரங்க கடையோ இல்ல. நம்ம ஆளுங்க இடம்தான். மாதுங்காவுலயும் செம்பூர்லயும் மெஸ்ல உக்காந்தா இலை போட்ட உடனே பருப்பு, பருப்பு மேல கேக்காமலே நெய். வேண்டாம்னு கையைக் குறுக்க வெச்சா, என்ன மாமி, நெய் இல்லாம பருப்பா, ஒரு துளிதானேன்னு விரல் சந்துல ஊத்திட்டுப் போயிடுறாங்க. பாசத்துலதான் பண்றாங்க, அது தெரியுது, இருந்தாலும் அந்த இலையை நான் என்ன பண்றது? ரெண்டு வருஷம் முன்னாடி சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம், சமையல்காரர்கிட்ட காலையிலயே போய் கேட்டேன், ரசத்துல நெய் இருக்கான்னு, இல்லக்கான்னு சொன்னாரு. சாப்பிட்ட பிறகு பின்கட்டுல கை கழுவப் போனா அடுத்த பந்திக்கு ரசம் தாளிச்சுக்கிட்டிருந்தாரு, நெய்லதான். அவரு பொய் சொல்லல, அவரைப் பொறுத்தவரைக்கும் தாளிக்கிற நெய் நெய்க் கணக்குலயே வராது, இலையில ஊத்தினாதான் நெய். எனக்கு அழுகையே வந்துருச்சு, பத்து வருஷமா தொடாதது. மத்தியானம் முழுக்க யார்கிட்டயும் பேசல. அன்னையில இருந்து நெய் இருக்கான்னு கேக்கிறதையே விட்டுட்டேன், ரசத்தை எதுல தாளிச்சீங்கன்னுதான் கேக்குறேன், அப்பதான் உண்மை வருது.

இதையே தாராவியில பாருங்க. அங்க நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்க நிறைய, சாப்பாட்டுக் கடையில மீன் குழம்பும் இருக்கும் கறியும் இருக்கும், கரண்டி மாறாம பாத்துக்கணும். ஆனா நான் போற கடையில கத்திரிக்காப் புளிக்குழம்பு, கீரைக் கடைசல், அவரைக்காப் பொரியல், ரசம் எதுலயும் நெய் கிடையாது, எல்லாம் எண்ணெய்தான். யக்கா உங்களுக்கு மோர் வேண்டாம்லன்னு அந்தத் தம்பி ஞாபகம் வெச்சுக் கேக்கும். சுத்த சைவம்னு போர்டு போட்ட இடத்துல கிடைக்காத சாப்பாடு மீன் சமைக்கிற கடையில கிடைக்குது. இதை நான் சொன்னா சைவக்காரங்க சிலருக்குப் பிடிக்க மாட்டேங்குது, ஆனா நடக்கிறது இதுதான். நம்ம நாட்டுல சைவச் சமையல் பாலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, கோயிலும் மடமும் வசதியான வீடும் சேந்து வளத்த சமையல் அது.

எங்க ஊர்ல அந்தக் காலத்துல எத்தனை வீட்ல தினமும் நெய் இருந்துச்சு? எங்க தெருவுல மாடு வெச்சிருந்த நாலு வீட்டைத் தவிர மத்தவங்களுக்குப் பால்ங்கிறது குழந்தைக்கும் நோயாளிக்கும், நெய் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும். 1970ல ஆபரேஷன் ஃப்ளட்ங்கிற பால் திட்டம் ஆரம்பிச்சு டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நாலு ஊருக்கும் கிராமத்துப் பாலைக் கொண்டு வந்து சேத்த பிறகுதான் பால் பாக்கெட் இப்படி வாசல் வாசலா வந்துச்சு, இன்னைக்கு உலகத்துலயே அதிகமா பால் உற்பத்தி பண்ற நாடு நம்ம நாடு. மும்பையில அதுக்கும் முன்னாடியே 1949ல ஆரே காலனியை ஆரம்பிச்சு ஊருக்குள்ள இருந்த எருமைகளை அங்க கொண்டு போனாங்க. விவசாயிக்கு அதுல வருமானம் வந்துச்சு, அதை நான் மறுக்கல. ஆனா பால் இல்லாம நம்ம சாப்பாடே இல்லன்னு சொல்றாங்களே, அது மட்டும் சரியில்ல. எங்க அம்பாசமுத்திரம் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி வெப்பாங்க, தேங்காப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும், தொட்டுக்க இஞ்சிப் பச்சடி, அதுல மாட்டுப்பால் ஒரு சொட்டு கிடையாது, அதை விட பெரிய விருந்து எங்க பக்கம் எது? இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் தேங்காப்பால், உளுந்தங்களிக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும், நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல், கோவில்பட்டி கடலை மிட்டாய், 2020ல புவிசார் குறியீடு வாங்கினது, வெறும் கடலையும் வெல்லமும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போகும்போது அந்தக் காலத்துல இருந்து நாம கட்டிக்கிட்டுப் போறது என்ன, நல்லெண்ணெயில குழைச்ச மிளகாப்பொடி தடவின இட்லியும் புளியோதரையும்தானே, இன்னைக்கும் அந்த ரெண்டு நாள் பயணத்துல எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல.

காப்பிதான் எல்லாரும் கேக்கிறது, அதனால சொல்றேன். வீட்ல முந்திரிப் பருப்பை ரெண்டு மணி நேரம் ஊறவெச்சு நைசா அரைச்சா வடிகட்ட வேண்டாம், டிகாஷன்ல திரியாது, காலையில ஒரு டம்ளருக்கு அஞ்சாறு பருப்பு போதும். தேங்காப்பால் சூடான டிகாஷன்ல திரிஞ்சிடும், அது சுக்குக் காப்பிக்கும் ஒத்து வரல எனக்கு, கருப்பட்டி போட்ட கடுங்காப்பியே நல்லா இருக்கு. தயிருக்கு வேர்க்கடலை. ராத்திரி ஊறவெச்சு தோலை நீக்கி அரைச்சுப் பால் எடுத்துக் காய்ச்சி, வெதுவெதுப்பா இருக்கும்போது பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டு போட்டு மூடி வெச்சா உறையும், முதல் ஈடு சுமாராத்தான் இருக்கும், அதுல ஒரு கரண்டி எடுத்து அடுத்ததுக்கு உறை ஊத்துங்க, மூணாவது ஈட்டுல மோர்க்குழம்பே வெக்கலாம். வேர்க்கடலை விலைக்கும் பால் விலைக்கும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

உடம்பு விஷயத்தை மறைக்கக் கூடாது. டெல்லியில ரெண்டாவது வருஷம் உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி ஒரு மதமதப்பு, மாடி ஏறினா அசதி. முதல்ல பாத்த டாக்டர் டெஸ்ட் எதுவும் எழுதாம பாலும் பன்னீரும் சாப்பிடுங்க எல்லாம் சரியாப் போயிடும்னு சத்தம் போட்டு அனுப்பிட்டாரு. வேற ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்து பி12ங்கிற வைட்டமின் கம்மின்னு சொன்னாங்க, முதல்ல ஊசி, அப்புறம் மாத்திரை, சில மாசத்துல சரியாயிடுச்சு. பி12ங்கிறது பாக்டீரியா உண்டாக்குறது, எந்தக் கீரையிலயும் காயிலயும் அதை நம்ப முடியாது, வீகனா இருக்கிறவங்க மாத்திரையாவோ பி12 சேத்த உணவாவோ கட்டாயம் எடுத்துக்கணும், இதுல வீம்பு பண்ணா நரம்பு கெட்டுப் போயிடும். பால் குடிக்கிற சைவக்காரங்களுக்கே நம்ம நாட்டுல இது குறைவா இருக்கிறது சகஜம், எல்லாரும் ஒரு தடவை பாத்துக்கிறது நல்லது. காப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டு எலும்பு தோல்ல இருந்து வர்றது, அதனால நான் வாயில கரையிற மாத்திரையாக் கேட்டு வாங்குறேன். கால்சியத்துக்கு பயப்பட வேண்டாம், 100 கிராம் கேப்பைல கிட்டத்தட்ட 350 மில்லிகிராம் இருக்கு, 100 மில்லி பால்ல 120 தான், எள்ளும் முருங்கைக்கீரையும் இருக்கவே இருக்கு.

கடையில பாக்கெட் வாங்குறப்ப பச்சைப் புள்ளியை நம்பாதீங்க, அது சைவம்னுதான் சொல்லும், பால் இருந்தாலும் பச்சைதான். அரசாங்கம் 2022ல வீகன் உணவுக்குத் தனி விதிமுறை கொண்டு வந்துச்சு, பச்சையில வி எழுத்தும் மேல ஒரு சின்னச் செடியும் போட்ட முத்திரை, ஆனா சாதாரண மளிகைக் கடையில அந்த முத்திரையை நான் ரொம்ப அபூர்வமாத்தான் பாக்குறேன். நான் பாக்கிறது பொருள் பட்டியலுக்குக் கீழ அலர்ஜிக்காக ஒரு வரி எழுதியிருப்பாங்களே, கன்டெயின்ஸ் மில்க்னு, அதைத்தான். பிஸ்கட், ரஸ்க், சிப்ஸ் மசாலா, எதுலயெல்லாம் பால் பவுடர் இருக்குன்னு படிச்சா ஆச்சரியமா இருக்கும்.

இப்ப நான் கேக்குறது ரொம்பச் சின்ன விஷயம். மும்பையில எந்த ஹோட்டல்ல போய் உக்காந்தாலும் ஜெயினா ரெகுலரான்னு கேக்குறாங்க இல்லையா, வெங்காயம் பூண்டு கிழங்கு இல்லாம பாவ் பாஜியில இருந்து பீட்சா வரைக்கும் பண்ணித் தர்றாங்க. ஜெயின் ஜனங்க ஒவ்வொரு கடையிலயும் விடாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அதனாலதான் அது வந்துச்சு, இன்னைக்கு யாரும் அவங்களைப் பாத்து இதென்ன புது வழக்கம்னு கேக்கிறதில்ல. நெய்யும் தயிரும் வேண்டாம்ங்கிறவங்களும் அதே மாதிரி கேக்கணும், வெக்கப்பட்டுக்கிட்டு இலையை மூடிட்டு எந்திரிச்சு வரக் கூடாது. நான் நிறைய தடவை அப்படி வந்திருக்கேன், அது தப்புன்னு இப்பத் தெரியுது.

மெஸ் நடத்துறவங்களுக்கும் கல்யாணச் சமையல்காரங்களுக்கும் என் வேண்டுகோள், நெய்யை நிறுத்தச் சொல்லல, வேணுங்கிறவங்களுக்கு ஊத்துங்க, ஆனா இலையில கேட்டுட்டு ஊத்துங்க, ரசமும் கூட்டும் எண்ணெயில தாளிங்க, நெய்ல தாளிச்சா அதைச் சொல்லிடுங்க. அவியலுக்குத் தயிர் சேக்கிறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் தனியா எடுத்து வெச்சா போதும். நம்ம தமிழ்ச் சங்கங்கள்ல பொங்கல் விழாவுக்கும் வருஷப் பிறப்புக்கும் சாப்பாடு போடுறாங்க, அங்க சக்கரைப் பொங்கல்ல நெய் ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு பாத்திரம் பிரிச்சு வெச்சு தேங்காப்பால் சேத்தா எவ்வளவு ருசியா இருக்கும்னு செஞ்சு பாத்தவங்களுக்குத் தெரியும். கோயில் பிரசாதத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பழனிப் பஞ்சாமிர்தம் யாராவது குடுத்தா கண்ணுல ஒத்திக்கிட்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுவேன், சாமி கோவிச்சுக்காது.

உங்க பேப்பர்லயும் ஒண்ணு செய்யலாம். சனிக்கிழமை சமையல் பக்கத்துல ஒவ்வொரு குறிப்புக்குக் கீழயும் பால் பொருள் உண்டா இல்லையான்னு ரெண்டு வார்த்தை போடுங்க, வீகனுக்கு மட்டும் இல்ல, பால் ஒத்துக்காதவங்க எத்தனையோ பேரு இருக்காங்க.

செம்பூர்ல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மெஸ், பாலக்காட்டுக்காரர் நடத்துறாரு. அவருகிட்ட மூணு மாசமா போகும்போதெல்லாம் ரசத்தை எதுல தாளிச்சீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், முதல்ல சலிச்சுக்கிட்டாரு, இப்ப வாசல் பலகையில சாம்பார், ரசம், கூட்டுன்னு எழுதுற இடத்துல பக்கத்துல எண்ணெய், நெய்னு அவரே சாக்பீஸ்ல எழுதி வெக்கிறாரு. போன வாரம் சர்க்கரை வியாதிக்காரங்க ரெண்டு பேரு அதைப் படிச்சுட்டு உள்ள வந்தாங்கன்னு என்கிட்ட சொன்னாரு. முலுண்டு, டோம்பிவ்லி, சயான் பக்கம் இந்த மாதிரி கேட்டா சொல்ற மெஸ் எதுவும் வாசகர்களுக்குத் தெரிஞ்சா இந்தப் பகுதிக்கு எழுதுங்க, வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுப் பாக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை